மாசிலாமணியார் மறைந்த விதம்

காப்பி நன்றாக இருக்கிறது. டம்ளரை மட்டும் கொஞ்சம் வெந்நீர் விட்டு அலம்பச் சொல்லியிருக்கலாம். குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர். ஊரார் எல்லாம் வாய் வைக்கிற ஸ்டேஷன் டம்ளர் அப்படித்தான் இருக்கும். நான் அண்ணாந்து குடித்துவிட்டேன். இனி நான் சொல்வதை ஹெட் கான்ஸ்டபிள் ராயப்பன் எழுதட்டும். எச்சில் தொட்டுத் தாளைத் திருப்பாமல் எழுதினால் எனக்குப் பேச வசதியாக இருக்கும்.

என் பெயர் வேங்கடேசன். திண்டிவனத்தில் ‘நூல்வழி’ என்ற மாதப் பத்திரிகை நடத்துகிறேன். அதில் ‘நூலும் ஊரும்’ என்ற பகுதியை நானே எழுதுகிறேன். ஒரு புலவரை எடுத்துக்கொள்வேன். அவர் பிறந்த ஊர், குளித்த குளம், கும்பிட்ட கோயில், கண்மூடிய இடம் எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்து எழுதுவேன். எந்தப் பாட்டை எங்கே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றும் சொல்வேன். வாசகர்கள் கட்டுச்சோற்றோடு ரயிலேறிப் போய், நான் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, நான் சொன்ன பாட்டைப் படிப்பார்கள். யுத்தத்தில் காகிதம் கிடைக்காமல் பத்திரிகை இளைத்துப்போன பிறகும் அந்தப் பகுதியில் நான் கை வைக்கவில்லை.

எனக்குப் பெயர் வாங்கித் தந்தவர் மாசிலாமணியார். ‘பம்பைக்கரை மாலை’ பாடியவர். மொத்தம் நூறு பாட்டு. நீங்கள் படித்ததில்லை என்றால் முதல் பாட்டில் தொடங்காதீர்கள். முப்பத்தாறாம் பாட்டில் தொடங்குங்கள். திருவாமாத்தூர்க் கோயில் மணிச்சத்தம் பம்பையாற்றைக் கடந்து போய், அக்கரையில் ஏர் ஓட்டுகிறவனை நிறுத்துகிற பாட்டு அது. வெயில் தாழ்ந்த பிறகு ஆற்றங்கரையில் நின்று படித்தால் நெஞ்சை அடைக்கும். அவர் குரலிலேயே அதை நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். கோயில் மண்டபத்தில் பாடினார். எண்ணெய் மாதிரி இழைகிற குரல். கூட்டத்துக்குப் பின்னால் நின்றதால் முகம் சரியாகத் தெரியவில்லை.

முப்பத்தொன்றாம் வருஷத்துக் கார்த்திகை வெள்ளத்தில் அவரைக் காணவில்லை. மேல்துண்டும் உருத்திராட்ச மாலையும் கரையில் கிடந்தன. ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஊரார் முடிவு கட்டினார்கள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினேன். நூறாம் பாட்டைப் பாடி முடித்தார், கோபுரத்தைப் பார்த்துக் கைகுவித்தார், படியிறங்குவது போல ஆற்றுக்குள் இறங்கி ஒளியில் கலந்தார். பார்த்தவர் யாரும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நூறாம் பாட்டைப் படித்தவனுக்கு வேறு மாதிரி தோன்றாது. அந்தப் பத்தியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு கல்மேடை கட்டி, அவர் பெயரைப் பொறித்து, கார்த்திகை தோறும் குருபூசை நடத்தினோம்.

போன ஐப்பசியில் குருபூசைக் காரியமாக விழுப்புரம் வந்திருந்தேன். ரயிலுக்கு நேரம் இருந்தது. ஜங்ஷனுக்குப் பின்புறச் சந்தில் யாரோ முப்பத்தாறாம் பாட்டைப் பாடுவது கேட்டது. அதே குரல். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. போய்ப் பார்த்தேன். ஒரு சோற்றுக்கடை வாசல், சாக்கடை ஓரம். ஒரு கிழவன் குந்தி உட்கார்ந்து சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். பாட்டுப் பாடியவரை ‘அவர்’ என்றும், பாத்திரம் தேய்த்தவனை ‘அவன்’ என்றும் சொல்வேன். இருவரும் ஒரே ஆள்தான். ராயப்பன் குழம்பாமல் எழுத வேண்டும்.

வாயில் புகையிலை அடக்கியிருந்தான். கடைவாயில் சாறு வழிந்து தாடியில் காய்ந்திருந்தது. தேய்க்க எடுத்த சட்டியில் ஒரு நண்டுக்கால் மிச்சம் இருந்தது. அதை எடுத்து, புகையிலையைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, உறிஞ்சினான். அதே வாய்தான் சற்று முன் அந்தப் பாட்டைப் பாடியது. அவன் என்னைக் கண்டதும் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு எழுந்தான். எங்கேயோ பத்திரிகையில் என் படத்தைப் பார்த்திருக்கிறான்.

“திண்டிவனத்துப் பத்திரிகைக்காரரு தானே நீங்க? என்னை நல்லா சாவடிச்சீங்க போங்க” என்றான்.

நடந்தது இவ்வளவுதான். வெள்ளத்தன்றைக்குக் கெங்கம்மாள் என்பவளோடு ஓடிப்போயிருக்கிறான். வீட்டார் தேடி வராமல் இருக்கத் துண்டையும் மாலையையும் கரையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். கூப்பிடு தூரத்தில் புதுச்சேரி. அங்கே மில்லில் மூட்டை தூக்கியிருக்கிறான். இங்கே நாங்கள் மேடைக்குப் பூப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவன் அங்கே கள் குடித்துக்கொண்டிருந்தான். மில்லில் ஆள் குறைத்ததும் இருவரும் விழுப்புரம் வந்து கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் விற்கிற கடை போட்டிருக்கிறார்கள். அந்தக் கெங்கம்மாள் எந்தத் தெருக்காரி என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. அவள் நீட்டிய தண்ணீரை நான் வாங்கவில்லை.

என்னென்ன எழுதினேன் என்று படித்துக் காட்டச் சொன்னான். பையில் அந்த இதழ் இருந்தது. சாக்கடை ஓரத்தில் நின்று, அவன் செத்த கதையை அவனுக்கே படித்தேன். விழுந்து விழுந்து சிரித்தான். எச்சில் தெறித்துத் தாளில் விழுந்தது. “சாவறதுக்கு நேரமேதுங்க, பாத்திரமெல்லாம் அப்படியே கெடக்குது” என்றான். கெங்கம்மாள் சிரிக்கவில்லை. அவள் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

“இவுரு பாட்டு கட்டுவாருன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேன்றாங்க சாமி. புளுகுறேன்னு சிரிக்கிறாங்க. இந்த வருசம் குருபூசைக்கு நானே இட்டுக்கினு வர்றேன். நாலு பேரு பாக்கட்டும்.”

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அதற்கென்றே பலமுறை ரயிலேறி வந்தேன். திரும்பப் புதுச்சேரிக்கே போய்விடச் சொன்னேன். வருவதானால் யார் என்று சொல்லாமல் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போகச் சொன்னேன். “எனக்குப் போடற சோத்தை நான் ஏங்க ஒளிஞ்சினு தின்னணும்?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான். வாயை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் இன்னும் நியாயமாக இருந்திருக்கும், பல்லெல்லாம் காவி.

பத்திரிகையில் பிழைதிருத்தம் போடுகிற வழி ஒன்று இருந்தது. அதை நான் யோசிக்காமல் இல்லை. மாசிலாமணியார் இறக்கவில்லை, விழுப்புரத்தில் ஒரு சோற்றுக்கடையில் பாத்திரம் தேய்க்கிறார் என்று எழுதியும் பார்த்தேன். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கை கழுவினேன். அதைப் படித்த ஒருவன் மறுபடி முப்பத்தாறாம் பாட்டைத் திறந்தால் அவனுக்குக் கோயில் மணி கேட்குமா, சாக்கடை நாறுமா? நீங்களே சொல்லுங்கள். அச்சில் இருந்தது சரியாகவே இருந்தது. நடந்ததுதான் தவறாக இருந்தது. நான் தவறாக இருந்ததைத் திருத்தினேன்.

குருபூசைக்கு முந்தின வாரம் கிழவனைக் கூப்பிட்டேன். உன் பெயர் பொறித்த கல்லை வந்து பார் என்றேன். புது வேட்டி கட்டிக்கொண்டு காலையிலேயே தயாராக நின்றான். கெங்கம்மாள் ஒரு தூக்குப் பாத்திரத்தில் களியும் நண்டுக் குழம்பும் கொடுத்தனுப்பினாள். அவனுக்கு மூச்சு இரைக்கும், மெதுவாக நடத்திக் கூட்டிப்போங்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். திருவாமாத்தூர் வரைக்கும் மாட்டு வண்டியில் போனோம். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆற்றங்கரைக்கு நடந்தோம். வண்டிக்காரனை நீங்கள் யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. சோற்றுக்கடைக் கிழவன் ஒருவன் செத்ததற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்று நினைத்திருப்பீர்கள். நானும் உங்கள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன்.

கல்மேடையைத் தடவித் தடவிப் பார்த்தான். பிறகு அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து பாத்திரத்தைத் திறந்தான். அவருடைய பெயருக்குப் பக்கத்தில் நண்டு ஓட்டைத் துப்பித் துப்பிச் சாப்பிட்டான். குழம்பு கல்லில் ஒழுகியது. வருஷா வருஷம் நான் சந்தனம் பூசுகிற கல். அவன் முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, என் சொம்பிலிருந்த பானகத்தைக் கொடுத்தேன். அரளி விதை கசக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் வெல்லமும் ஏலக்காயும் தாராளமாகப் போட்டிருந்தேன். “பேஷா இருக்குதுங்க” என்று சொல்லி, சொம்பில் வாய் வைத்தே குடித்தான்.

நான் எழுதியிருந்தது போல அது நடக்கவில்லை. அது எனக்கு வருத்தம்தான். கோபுரத்தைப் பார்த்து உட்காரச் சொன்னேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணைப் பார்த்தான். வாந்தி நிற்கவே இல்லை. என் வேட்டி நுனியைப் பிடித்தான், நான் விடுவித்துக்கொண்டேன். கடவுள் பெயரை ஒருதரமாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் கெங்கா கெங்கா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நாற்றம் தாங்காமல் நான் காற்றுக்கு எதிர்ப்புறம் போய், மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அவன் எச்சில் பட்ட சொம்பை இனி வீட்டில் புழங்க முடியாது என்று ஆற்றில் விட்டுவிட்டேன். அந்தத் தூக்குப் பாத்திரத்தை நான் தொடவில்லை. அதில் உங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கலாம். கெங்கம்மாளைச் சிக்கவைக்க நான் அதை அங்கே விட்டு வந்ததாக நினைக்கலாம். சத்தியமாக அந்த எண்ணம் எனக்கு இல்லை. நண்டுக் குழம்பு வழிகிற பாத்திரத்தைக் கையால் எடுக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். மறுநாள் நீங்கள் வந்து அதைக் கண்டெடுத்ததும், சமைத்தவள் அவள்தானே என்று அவளைக் கூட்டிப்போனதும் பிறகுதான் என் காதுக்கு வந்தது. என்னோடுதான் அனுப்பினேன் என்று அவள் சொன்னதை நீங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

மேடையைக் கழுவி, கோமியம் தெளித்து, குருபூசையைக் குறித்த நாளில் நடத்தினேன். நன்றாக நடந்தது. அவருடைய கடைசிக் கணத்தைப் பற்றி நான் பேசினபோது பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அத்தோடு விட்டிருப்பேன். நேற்று இங்கே வெற்றிலைக் கடையில் ஒருவன் இன்னொருவனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். செத்த கிழவன்தான் பம்பைக்கரை மாலை பாடினவனாம். கெங்கம்மாள் போலீஸ் கச்சேரியில் அப்படித்தான் கத்துகிறாளாம். அவள் வக்கீல் அதையே எழுதிக் கொடுக்கப்போகிறானாம். அப்புறம் சென்னைப் பத்திரிகைகள் சும்மா இருக்குமா? மாசிலாமணியார் நண்டுக் குழம்பில் செத்தார் என்று அச்சில் வரும். அதனால்தான் இன்றைக்குக் காலை வண்டியிலேயே வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கொன்றவன் நான். பம்பைக்கரையில், கோபுரத்துக்கு எதிரில், அவர் பாட்டை அறிந்த ஒருவன் கையால் அவர் முடிந்தார். குழம்பில் ஒன்றும் இல்லை.

சற்று முன் நீங்கள் கெங்கம்மாளைக் கூட்டிவந்து அந்த வாசற்படியில் நிறுத்தினீர்கள். ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்து நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. “கடைசியா எதுனா பாடினாராய்யா?” என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அவளும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இங்கே வந்ததிலிருந்து நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அவன் பாடினான். சாப்பிட்டு முடித்துக் கையைக்கூடக் கழுவாமல், அந்தக் கல்லில் தாளம் தட்டிக்கொண்டு, அப்போதே கட்டிப் பாடினான். மூச்சு இரைக்கிறபோது அவள் முதுகைத் தடவிக் கொடுப்பாளாம். அந்தக் கையில் கருவாட்டு வாடை அடிக்குமாம். விடியற்காலையில் விழித்துக்கொள்ளும்போது போர்வையில் அந்த வாடையை முகர்ந்துதான் தான் இன்னும் சாகவில்லை என்று தெரிந்துகொள்வானாம். நானும் இத்தனை வருஷமாகப் படிக்கிறேன். அப்படி ஒரு பாட்டைக் கேட்டதில்லை. முப்பத்தாறாம் பாட்டுகூட அதன் கிட்டே நிற்காது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் சொம்பை நீட்டினேன்.

அது எனக்கு ஒரு சொல் பிசகாமல் மனப்பாடமாக இருக்கிறது. அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். நீங்கள் எவ்வளவு அடித்துக் கேட்டாலும் வராது. அந்த நாற்றம் பிடித்த பாட்டு வெளியே வந்தால் மாசிலாமணியார் பெயர் என்னாவது? அதைக் காப்பாற்ற இனி நான் ஒருவன்தானே இருக்கிறேன்.