வாசல் தாண்டாத புரதம்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் காலில் விழுந்து கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். நாளை அறிவியல் நாள் மேடையில் பேசி முடிக்கும்வரை அப்பாவுக்குத் தெரியக் கூடாது. தம்பிக்கு வெறும் சளி என்றுதான் வெளியே சொல்ல வேண்டும், அது அவர் கட்டளை.

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே! ஆசிரியப் பெருமக்களே! பிள்ளையின் இருமல் கேட்டுப் பாதித் தூக்கம் தொலைத்த தாய்மார்களே! வணக்கம்.

செல் என்பது என்ன? கண்ணுக்கு எட்டாத தொழிற்கூடம்! உட்கருவிலிருந்து கட்டளையின் நகல் வருகிறது. அதைப் படித்துப் படித்து, மணி மணியாகக் கோத்து, புரதம் என்னும் மாலையை ரைபோசோம் கட்டுகிறது. மாலை சரியாக மடிந்ததா என்று பார்க்க உள்ளே காவல் உண்டு. தேறியது சிறு பைகளில் ஏறிப் பயணம் போகும். தேறாதது? துண்டு துண்டாகும்!

பின்வரிசையில் யார் அது? "பாடம் நடத்த வந்துட்டாடி!" என்றா சிரிக்கிறீர்கள்? இது என் தம்பியின் கதை. கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அவன் உடலில் ஒரு புரதம். ஆயிரத்து நானூற்று எண்பது மணிகள் இருக்க வேண்டிய மாலையில் ஒரு மணி இல்லை. ஒன்றே ஒன்று! செல்லின் சவ்வில் நின்று உப்புக்கு வழிவிட வேண்டிய புரதம் அது. கோணல்தான், ஆனாலும் போய்ச் சேர்ந்திருந்தால் ஓரளவு வேலை செய்திருக்கும் என்றார் மருத்துவர். சேரவிட்டதா காவல்? உள்ளேயே பிடித்து உள்ளேயே அழித்தது. அதனால் நுரையீரலில் சளி பசையாகிறது. அதனால் இருமுகிறான். தொற்றுமா? தொற்றாது! பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டுமா? ஒட்டாது! பிறவியிலேயே வந்தது!

நேற்று நடந்தது என்ன? அவன் பெஞ்சுக்காரன் எழுந்து, "டீச்சர், இவன்கிட்ட உக்காரக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க" என்றான். தலைமை ஏற்றிருக்கும் அம்மையாரே, தாங்கள் என் அம்மாவிடம் சொன்னது என்ன? "இருமல் நின்னப்புறம் கூட்டிட்டு வாங்கம்மா. திங்கட்கிழமைக்குள்ள நிக்கலைன்னா பேரை எடுத்துடுவோம்." நிற்காத இருமலம்மா அது!

வீட்டில் அப்பா, "நிஜத்தைச் சொன்னா குடும்பத்தையே ஒதுக்கிடுவாங்க. வாயைத் திறந்தே, பாத்துக்கோ!" என்றார். தம்பிக்கு ஏழு வயது. கழுத்து நரம்பு புடைக்க மூச்சைப் பிடித்தபடி மூலையில் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா பண்றே?"

"இருமாம இருக்கப் பழகுறேன்க்கா. திங்கட்கிழமைக்குள்ள கத்துக்குவேன்."

அவையோரே! செல்லின் காவலுக்குக் கண் இல்லை. நமக்கு உண்டே! அதற்குக் காது இல்லை. நமக்கு உண்டே! "உனக்கு என்னடா கண்ணு?" என்று கேட்க நாக்கும் உண்டே! திங்கட்கிழமை அவன் பக்கத்தில் உட்காரப் போவது யார்? கையைத் தூக்குங்கள். ஒரு கை போதும். ஒரே ஒரு கை!

பொறுமையோடு கேட்ட செவிகளுக்கும், உயரப்போகும் அந்தக் கைக்கும் நன்றி கூறி

கதவைத் தட்டுகிறார்கள். தம்பி என்றால் இருமல் கேட்டிருக்கும். அப்பா