பாட்டுக்குப் பறந்த விசிலும் சின்ன ஹாலின் சந்தாவும்

தலைமை தாங்கும் தகைமையாளரே, மேடையை விட்டு இறங்கியதும் என்னை முறைக்கக் காத்திருக்கும் என் மூத்த அண்ணனே! ஒளியோடும் திரையோடும் ஒரு வாழ்நாள் வாழ்ந்த ஆபரேட்டர் ஐயா அவர்களே! கதவருகே நின்று டிக்கெட் கிழித்தே கைரேகை தேய்ந்த தோழர்களே! இடைவேளை மணி அடித்ததும் ஆயிரம் கைகளுக்கு ஈடுகொடுக்கும் கேன்டீன் தாய்மார்களே! உங்கள் கூட்டுறவுத் தியேட்டரின் செயலாளர், உங்கள் தங்கை, தலைவணங்கித் தொடங்குகிறேன்.

இன்று எதற்குக் கூடியிருக்கிறோம்? காபி குடிக்கவா? கதை பேசவா? கை தூக்க வந்திருக்கிறோம்! ஒரு காலத்தில் இங்கே ஓடு ஓடென்று ஓடிய காதல் படத்துக்கு இரண்டாம் பாகம் வருகிறது. விடுமுறை முழுவதும் பெரிய ஹால், சின்ன ஹால் இரண்டையும் கொடுங்கள் என்கிறார் விநியோகஸ்தர். கொடுப்போம் என்கிறார் தலைவரான என் அண்ணன். படம் படுத்துவிட்டால்? போன விடுமுறையில் பட்ட அடியே இன்னும் ஆறவில்லை. இன்னொன்று விழுந்தால் இந்தக் கட்டடத்துக்குப் பூட்டுத்தான். ஒரே படத்தின் தலையில் நம் எல்லோருடைய வேலையையும் கட்டுவதா?

"ட்ரையல் ஷோல விசில் பறந்துச்சே, உனக்குக் காது கேக்கலையா?" என்று அண்ணன் கேட்கிறார். கேட்டது! வெளியீட்டுக்கு முன்பே ஜனங்களுக்குப் போட்டுக் காட்டிய அந்தக் காட்சியில் விசில் எதற்குப் பறந்தது? நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஜனங்கள் உட்காரும்வரை ஒரு பழைய பாட்டு ஓட்டுவோம். அன்றைக்கு ஆபரேட்டர் ஐயா ஆசையோடு போட்டது முதல் பாகத்தின் பாட்டு. கூரை அதிர்ந்தது! ஆபீஸ் அறையில் இருந்த அண்ணன் உடனே விநியோகஸ்தருக்குப் போன் போட்டார். "சார், படம் பிச்சுக்கிட்டுப் போகுது!" படம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை!

சிரிக்காதீங்க. ஐயா, நீங்க எதுக்குத் தலையைக் குனியுறீங்க? உங்க மேல தப்பே இல்ல.

நான் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். தியேட்டர்காரர்கள் படத்தையா பார்ப்போம்? முதுகுகளைத்தானே பார்ப்போம்! பாட்டு முடிந்தது, படம் தொடங்கியது. அதே மழை, அதே பஸ் ஸ்டாப், அதே வசனம், நாயகனின் நரைக்கு மட்டும் புது மை. முதலில் ஒரு செல்போன் வெளிச்சம். பக்கத்தில் இன்னொன்று. இடைவேளைக்குள் ஹாலே மினுமினுத்தது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேறியிருக்கும்.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?" சைக்கிள் ஸ்டாண்டு அண்ணன் கேட்கிறார். சொல்கிறேன் அண்ணே. படம் பெரிய ஹாலில் மட்டும் ஓடட்டும், சின்ன ஹாலில் வீடியோ கேம் ஆடும் திரைகளை வைப்போம். மாதச் சந்தா கட்டியவர் எந்த கேமையும் ஆடலாம்.

ஆடுவார்களா என்கிறீர்களா? என் அண்ணியைப் பாருங்கள்! ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டில் இப்படி ஒரு சந்தா கட்டியிருக்கிறார், உள்ளே நூற்றுக்கணக்கில் கேம்கள். டியூட்டி முடிந்து வந்து துப்பாக்கி கேமைத் திறந்தார். "ரத்தத்தப் பார்த்துட்டுத்தானே வரேன், மறுபடியுமா?" என்று மூடினார். கார் பந்தயத்தில் காரைக் குளத்தில் இறக்கினார். அடுத்து, கலங்கரை விளக்கம் கட்டும் கேம். அவ்வளவுதான், அண்ணன் சமைத்து வைத்த சாப்பாடு ஆறிப்போனது! காசு கொடுத்து வாங்கிவிட்டோமே, முடித்துத் தொலைக்க வேண்டுமே என்ற கட்டாயம் இல்லை. பிடிக்காததை மூடலாம், தெரியாததைத் திறக்கலாம், தோற்றாலும் சிரிக்கலாம்!

குறை இல்லையா? இருக்கிறது. கலங்கரை விளக்கத்தைப் பாதி கட்டியிருந்தபோது அந்த கேமையே கம்பெனிக்காரன் சந்தாவிலிருந்து தூக்கிவிட்டான். அண்ணி அழுதேவிட்டார். ஆனால் மறுநாளே இன்னொன்றைத் திறந்தார்.

இதோ, தலைவர் மைக்கை இழுக்கிறார். பேசுங்க அண்ணா.

"முதல் பாகம் எங்க கல்யாணப் படம்மா. அந்தப் படத்துக்குப் போனப்பதான் உங்க அண்ணி எனக்குக் கிடைச்சா."

தெரியும் அண்ணா. அதனால்தான் நேற்று அண்ணியிடமே கேட்டேன், "ரெண்டாம் பாகத்துக்கு வர்றீங்களா அண்ணி?" என்று. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "முதல் பாகத்தோட கதையே எனக்குத் தெரியாது. நான் எங்க திரையப் பார்த்தேன்? படம் முழுக்க உங்க அண்ணனைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்!"

கேட்டீர்களா அவையோரே! அந்த இன்பத்தை இரண்டாம் பாகமாக எடுக்க எந்த இயக்குநரால் முடியும்? பெட்டியில் அடைத்து அனுப்ப எந்த விநியோகஸ்தரால் முடியும்? முதல் பாகத்தை நேசிப்போம், நெஞ்சில் வைப்போம், பாட்டுப் போட்டால் விசிலும் அடிப்போம். ஆனால் அந்த விசிலை நம்பி நம் பிழைப்பைப் பணயம் வைக்க மாட்டோம்! மாட்டோம்! மாட்டவே மாட்டோம்!

சின்ன ஹாலைக் கொடுக்காதே என்பவர்கள் கை தூக்குங்கள்!

அடடா, முதல் கை யாருடையது? அண்ணா, கையை இறக்குங்க! விதிப்படி தலைவருக்கு ஓட்டு கிடையாது!

இறக்க மாட்டேன் என்கிறார். அந்தக் கைக்கும், அதோடு உயர்ந்த உங்கள் அத்தனை கைகளுக்கும் நன்றி சொல்லி, என் இரு கைகளையும் கூப்புகிறேன். வணக்கம்!