முகம் தெரியாத ஆள்

— அந்த வீடியோவ அதுக்கு மேல என்னால பாக்க முடியலங்க. காட்டினவ போனை அவ கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். பால் பாக்கெட் போடற பொம்பளைங்க பன்னெண்டு பேரும் மெஷினை நிறுத்திட்டு வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறோம். ஒருத்தி ஓடிப் போய் வாந்தியே எடுத்துட்டா.

— மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

— கேக்கட்டுமே! ஊரே பாத்தாச்சு, இனி என்ன ரகசியம்? கன்னு போட்டு ஒரு நாள் ஆகலங்க அந்த மாட்டுக்கு. எந்திரிக்க முடியாம கெடக்கு. அத இரும்புக் குழாயால இடுப்பெலும்பு மேலயே போடறான் ஒருத்தன். வால முறுக்கறான், ஈரத்துணி பிழியற மாதிரி. அது கத்தக்கூட இல்லங்க. கன்னுக்குட்டிய இழுத்துட்டுப் போன பக்கமே பாத்துக்கிட்டு இருக்கு.

— ம்.

— என்ன 'ம்'? மூணு வருஷமா அந்தக் கொட்டகைக்குள்ள பால் கறக்கற ஆளு நீங்க. உங்களுக்குத் தெரியாதா இதெல்லாம்?

— தெரியும்.

— தெரிஞ்சுமா வீட்டுல வாயத் தொறக்கல?

— சொன்னா நீ சாப்பிட மாட்ட. அது வந்து, கன்னு போட்டதும் சில மாட்டுக்கு சத்து எறங்கிடும், கால் நிக்காது. கால்சியம் ஏத்தி அரை நாள் விட்டா தானா எந்திரிச்சிரும். அந்த அரை நாளத்தான் விட மாட்டாங்க. எடத்த அடைச்சுக்கிட்டு கெடக்குன்னு டிராக்டர்ல சங்கிலி கட்டி வெளிய இழுத்துப் போட்டுருவாங்க. அதுக்கு முன்னாடி அடிச்சுப் பாக்கறது.

— 'அடிச்சுப் பாக்கறது.' என்னமோ எரியாத டார்ச் லைட்டத் தட்டிப் பாக்கற மாதிரி சொல்றீங்க.

— அங்க அப்படித்தான்.

— முதலாளி டிவில பேசினத கேட்டீங்களா? மாடெல்லாம் அவரு பெத்த புள்ளைங்க மாதிரியாம். எவனோ ஒரு குடிகாரன் பண்ணிட்டானாம், வேலைய விட்டு நிறுத்தியாச்சாம்.

— யாரையும் நிறுத்தல.

— அதான் தெரியுதே. டிவிக்கு அத சொல்லிட்டு, இந்தப் பக்கம் வீடியோ எடுத்தவனத் தேடறாங்க. எல்லார் போனையும் புடுங்கி வெச்சுக்கிட்டாங்க. எடுத்தவன் கைய ஒடிப்பேன்னு சூப்பர்வைசர் எங்க முன்னாடியே கத்தறான். அடிச்சவனப் பத்தி மூச்சு இல்ல!

— என் போனையும் வாங்கிட்டாங்க.

— அப்ப மெத்தைக்கு அடியில இருக்கறது யாரோடது? காலைல விரிப்பு மாத்தறப்ப கையில தட்டுச்சு.

— அது ஒண்ணுமில்ல.

— பேசுங்களேன்.

— அவங்க கிட்ட பழசக் குடுத்தேன்.

— ஏன் பழச... ஐயையோ. என்னங்க, நீங்களா எடுத்தீங்க?

— கதவச் சாத்து.

— சாத்தித்தான் இருக்கு. சொல்லுங்க.

— நான்தான்.

— கடவுளே! இந்த வீடு முதலாளியோடது, என் வேலை அவரோடது, நம்ம பொண்ணு போற பஸ்ஸு கூட அவரோடது. தெரிஞ்சா நடுத்தெருவுல நிப்போம். ஆனா ஒண்ணு சொல்றேங்க. கல்யாணம் ஆகி ஒன்பது வருஷத்துல உங்களப் பாத்து எனக்கு நெஞ்சு நெறஞ்சது இன்னிக்குத்தான்.

— அப்படிச் சொல்லாத.

— சொல்லுவேன். வாயில்லாத ஜீவனுக்காக இவ்வளவு துணிஞ்சிருக்கீங்க. யார் கிட்ட குடுத்தீங்க?

— இந்த மாதிரி கேஸெல்லாம் நடத்தற வக்கீலம்மா ஒருத்தங்க. எடுத்தவன் பேரு என்ன ஆனாலும் வெளிய வராதுன்னாங்க. கோர்ட்டுல கேட்டாலும் ஒட்டின கவர்லதான் குடுப்பாங்களாம். வேலைய விட்டுத் தூக்கினா அதுக்கும் தனியா கேஸ் போடறேன்னாங்க.

— மகராசி, நல்லா இருக்கட்டும். வேற என்ன கேட்டாங்க?

— அடிக்கிற ஆளு யாருன்னு கேட்டாங்க.

— சொல்லிட்டீங்கல்ல?

— தெரியாதுன்னுட்டேன்.

— தெரியாதா? வீடியோவுல ஆளு இடுப்புக்குக் கீழதான் விழுந்திருக்கு, நீலக் கையுறை, ரப்பர் பூட்ஸு, எல்லாரும் போடறதுதான். எனக்குத் தெரியல, சரி. பக்கத்துல நின்னு எடுத்த உங்களுக்குமா?

— பக்கத்துல நின்னு எடுக்கல. ஜன்னல் திட்டுல சாத்தி வெச்சிருந்தேன்.

— அப்ப நீங்க எங்க இருந்தீங்க?

— அது வந்து...

— கேக்கறேன்ல. போன் ஜன்னல்ல இருந்துச்சு. நீங்க எங்க இருந்தீங்க?

— மாட்டுக்கிட்ட.

— மாட்டுக்கிட்டன்னா?

— அது நான்தான்.

— நீயா?

— கேளு. ஒரு நிமிஷம் கேளு...

— கிட்ட வராத! அங்கயே நில்லு. நின்னு சொல்லு.

— முதலாளி வாசல்ல நின்னாரு. 'நடிக்குது, இன்னும் ரெண்டு போடுறா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. எப்பவும் சொல்றதுதான். அவர் குரல் விழட்டும்னுதான் போனை வெச்சேன். அவர் வாயில வந்த ஒரு வார்த்தை போதும், மாட்டிக்குவாருன்னு நெனச்சேன். பால் இழுக்கற மோட்டார் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அந்த இரைச்சல்ல ஒண்ணும் விழல. என் கை மட்டும்தான் விழுந்திருக்கு.

— போன் ஓடுதுன்னு தெரிஞ்சே அடிச்சியா?

— அடிக்காம நின்னா சந்தேகம் வரும்னு...

— எத்தன அடி?

— எண்ணல.

— நான் எண்ணினேன். பதினொண்ணு வரைக்கும் எண்ணினேன். அன்னிக்கு மட்டும்தானா?

— இல்ல. வந்த முதல் வாரம் எனக்கும் சோறு எறங்கல. அப்புறம் பழகிடுச்சு. கைய கழுவிட்டு வீட்டுக்கு வந்தா அது அங்கயே நின்னுரும்னு இருந்தேன். அந்த வீடியோவப் போட்டுப் பாத்தப்ப யாருடா இந்தப் பாவின்னு எனக்கே தோணுச்சு. சத்தியமா.

— அந்தக் கையாலதான் நம்ம பொண்ணுக்குத் தலை வாரி விடற.

— அழாத.

— அழல. யோசிக்கறேன். அடிச்சது யாருன்னு தெரியாத வரைக்கும், எவனோ குடிகாரன்னே அவரு சொல்லித் திரிவாரு. இல்ல?

— ம்.

— 'போடுறா'ன்னு அவரு சொன்னத, அடிச்ச ஆளத் தவிர வேற யாரு சொல்ல முடியும்?

— யாருமில்ல. ஆனா நான் உள்ள போயிடுவேன்டி. எடுத்தவனுக்குத்தான் பாதுகாப்பு. அடிச்சவனுக்கு ஒண்ணும் கெடையாது.

— தெரியும். வக்கீலம்மா நம்பரப் போட்டுக் குடு.

— நானே சொல்றேன். நாளைக்கு...

— அவங்க கேட்டப்பவே உனக்கு வாய் வரல. இனி எப்ப வரும்? போடு.

— பொண்ணு கேட்டா என்ன சொல்லுவ?

— அத நான் பாத்துக்கறேன். போடுன்னா போடு.

— ரிங் போகுது. இந்தா.

— ஹலோ, வக்கீலம்மாங்களா? அந்த வீடியோவுல மாட்ட அடிக்கிற ஆள எனக்குத் தெரியுங்கம்மா. என் வீட்டுக்காரருதான்.