சிங்கப்பூர் நேரம்

— மாறன்னு எங்க வீட்டுல யாரும் இல்லம்மா. வேற வீட்டுக்கு வந்துட்ட போல. கலெக்டர் ஆபீஸ் பின்னால இதே மாதிரி பச்சை கேட்டு போட்ட வீடு நெறைய இருக்கு.

— வீடு இதுதாங்க்கா. மாறன்றது அவரு ஆன்லைன் குரூப்புல வெச்சிக்கிட்ட பேரு. சொந்தப் பேரு இளஞ்செழியன். நீங்க அருணாதேவி தானே? உங்க வீட்டுக்காரரப் பத்தித்தான் பேச வந்தேன்.

— அவரு சிங்கப்பூர்ல இருக்காரு. நேத்துகூட வீடியோல பேசினாரு. நீ யாரு?

— என் பேரு மெஹ்விஷ். எங்க அப்பா டவுன்ல பூட்டு, தாழ்ப்பாள் விக்கிற கடை வெச்சிருக்காரு. நான் ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பாத்துக்கறேன். அவரும் நானும் ஆன்லைன்ல ஒண்ணா ஒரு பரிச்சைக்குப் படிச்சோம்க்கா. தப்பா நெனச்சிக்காதீங்க, நான் அவர அண்ணான்னுதான் கூப்பிடுவேன்.

— உள்ள வா. தூறல் போடுது. டீ போட்டிருக்கேன். சக்கரை ஜாஸ்தியா, கம்மியா?

— கம்மியே போதும்க்கா. மொதல்ல இருந்து சொல்லிடறேன். நடுவுல நிறுத்தினா அப்பறம் எனக்கு தைரியம் வராது.

— சொல்லு. இன்னைக்கு எனக்கு லீவுதான்.

— நெட்வொர்க்குல பெரிய பரிச்சை ஒண்ணு இருக்குக்கா. பேப்பர்ல எழுதறது கெடையாது. பெங்களூர்ல ஒரு ரூம்ல காலையில உக்கார வெச்சிடுவாங்க. சாயங்காலம் வரைக்கும் நெட்வொர்க்கக் கட்டணும், அவங்க கெடுத்து வெச்சத சரி பண்ணணும். பாஸானா எந்த ஊர்லயும் வேலை. எனக்கு எழுதணும்னு வெறி. ஆனா படிக்க எதுவும் கெடைக்கல. டவுன்ல புத்தகக் கடையில கேட்டா குரூப் ஃபோர் கைடத் தூக்கிக் குடுக்கறாங்க. நெட்டுல வீடியோ பாத்தா கடகடன்னு இங்கிலீஷ்ல ஓடுது, பாதி புரியல. கடைசியா ஒரு குரூப்புல சேந்தேன். அங்க போன தடவை வந்த கேள்வியத் திருடி விக்கிறாங்க. நானும் வாங்கலாம்னு இருந்தேன்க்கா. அப்பதான் மாறன்ற பேர்ல ஒருத்தரு தமிழ்ல எழுதினாரு. திருடின கேள்வி பரிச்சைக்கு வேணா உதவும், நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரியில நெட்வொர்க் படுத்துக்கிச்சுன்னா அப்ப எதத் திருடுவீங்கன்னு கேட்டிருந்தாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் மட்டும் தனியா மெசேஜ் போட்டு, அப்ப நீங்க சொல்லிக் குடுங்கண்ணான்னேன்.

— சொல்லிக் குடுத்தாரா?

— மறுநாளே. அவரே வரைஞ்ச படம், அவரே தமிழ்ல பேசின ஆடியோ. ஒண்ணு ரெண்டு இல்ல. தனக்காகப் படிச்சதையெல்லாம் பேசிப் பேசிப் பதிவு பண்ணி வெச்சிருந்தாரு. மெதுவா பேசுவாரு. தூக்கத்துல பேசற மாதிரி இருக்கும்.

— ஆமா, அவரு அப்படித்தான்.

— ஒரு ஆடியோவ நான் எத்தனையோ வாட்டி கேட்டிருக்கேன்க்கா. நாம அனுப்பற சேதியெல்லாம் சின்னச் சின்னப் பொட்டலமாத்தான் போகும். ஒவ்வொரு பொட்டலத்து மேலயும் ஆயுசுன்னு ஒரு எண்ணு இருக்கும். ஒவ்வொரு எடத்தத் தாண்டறப்பவும் அதுல ஒண்ணு கொறையும். வழி தவறிட்டா காலத்துக்கும் சுத்திட்டு இருக்கக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்களாம்.

— எண்ணு தீந்துபோனா?

— எங்க தீருதோ அங்கயே விழுந்துடும். விழுந்துடுச்சுன்ற சேதி மட்டும் அனுப்பின எடத்துக்குத் திரும்பி வரும்.

— ம். டீயக் குடி.

— அப்பால தெனமும் விடியக்காலையில படிக்க ஆரம்பிச்சோம். நான் தொழுதுட்டு ஹெட்போனை மாட்டுவேன். அவரு கம்ப்யூட்டர்ல ஒரு நெட்வொர்க்க அமைச்சு, வேணும்னே எதையாவது கெடுத்து வெச்சிருப்பாரு. நான் கண்டுபுடிக்கணும். கண்டுபுடிச்சா நல்லா இருக்குன்ற ஒரு வார்த்தைதான். அதுக்கு மேல பாராட்ட மாட்டாரு. ஆறு மணி ஆனா, இங்க எட்டரை ஆயிடுச்சு, வேலைக்குக் கெளம்பறேன்னு சொல்லிட்டு வெச்சிடுவாரு. இங்க இருட்டு பிரியறப்ப அங்க வெயில் வந்துடும்னு நெனச்சிப்பேன். அவரு எனக்கு முன்னாடியே நாளைக்குள்ள போயிட்டாருன்னு தோணும்.

— அந்த ரெண்டரை மணி நேரம் எனக்கும் அப்படித்தான் இருக்கும். நான் காப்பி குடிக்கறப்ப அவரு வேலையில இருப்பாரு.

— ஒருநாள் அவரு பேசறப்ப பின்னால மயில் அகவுச்சுக்கா. ஒண்ணு இல்ல, ரெண்டு மூணு.

— அங்கயும் மயில் இருக்கும். ஜூ இருக்குதாமே.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா அதே வாரம் இன்னொண்ணு நடந்துச்சு. அவரு கம்ப்யூட்டருக்கு இங்கருந்து ஒரு கேள்விய அனுப்பிப் பாப்போம். இருக்கியான்னு கேக்கற மாதிரி. இருக்கேன்னு பதில் வரும். சிங்கப்பூருக்குன்னா அது கடலுக்கு அடியில இருக்கற கம்பியில போய்த் திரும்பணும். என்னதான் வேகமா ஓடினாலும் அதுக்குன்னு ஒரு நேரம் புடிக்கும். அத யாராலயும் கொறைக்க முடியாது. அன்னைக்கு அனுப்பினேன், பதில் ஒடனே வந்துடுச்சு. கண்ணத் தேய்ச்சிட்டு மறுபடி அனுப்பினேன். அதேதான். பக்கத்துத் தெருவுல நின்னு குரல் குடுத்த மாதிரி.

— அதுக்கு என்ன அர்த்தம்?

— அவரு கடல் தாண்டி இல்லன்னு அர்த்தம்க்கா. இந்த ஊர்லயே இருக்காருன்னு அர்த்தம்.

— மேல சொல்லு.

— நேரா கேட்டுட்டேன். அண்ணா நீங்க எங்க இருக்கீங்கன்னு. லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன், கட்டாகல. ஃபேன் சுத்தற சத்தம் மட்டும் கேக்குது. அப்பறம் சொன்னாரு, ரமணாசிரமம் பக்கம்னு.

— நீ போய்ப் பாத்தியா?

— எங்க அண்ணன் ரியாசுதீனக் கூட்டிக்கிட்டுப் போனேன். செங்கம் ரோட்டுல வெள்ளைக்காரங்க ஜாஸ்தி வர்ற ஒரு காபிக் கடையில வந்து நின்னாரு. தாடி மார்பு வரைக்கும் இருந்துச்சு. வேட்டிதான் கட்டியிருந்தாரு. நாங்க உக்காந்திருக்கறப்பவே ஒரு வெளிநாட்டம்மா வந்து ரெண்டு வாழப்பழத்த அவரு கையில வெச்சிக் கும்பிட்டுட்டுப் போச்சு, சாமியாருன்னு நெனச்சி. அவரு அத வாங்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம எங்க அண்ணன் கிட்ட குடுத்தாரு. பேசவே மாட்டேன்னு இருந்தவரு, அப்பறம் எல்லாத்தையும் சொன்னாரு. அங்க அவரு இருந்த பிரிவையே மூடிட்டாங்களாம். வேலை போனா விசாவும் போயிடுமாமே. வேற வேலை தேடிப் பாத்திருக்காரு, கெடைக்கல. ஃபிளைட் ஏறி மெட்ராஸ் வந்து, அங்கருந்து பஸ் புடிச்சி நம்ம பஸ் ஸ்டாண்டுல எறங்கியிருக்காரு. வீட்டுக்கு வரத்தான் எறங்கினாரு. இந்தப் பக்கம் வர்ற வேங்கிக்கால் டவுன் பஸ் எதிர்லயே நின்னுச்சாம். ஏறறவங்க எல்லாம் ஏறி முடிச்சாங்க, கண்டக்டரு இவரப் பாத்து வரீங்களான்னு கேட்டாராம். கால் தூக்க முடியலன்னாரு. பஸ் போயிடுச்சு. பொட்டிய உருட்டிக்கிட்டு ஆசிரமத்துப் பக்கமா நடந்தவருதான், அங்கயே ரூம் எடுத்துட்டாரு.

— பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாரா.

— ஆமாக்கா. அங்க யாரும் யாரையும் நீ யாருன்னு கேக்க மாட்டாங்கல்ல. எல்லாரும் எங்கிருந்தோ வந்தவங்க. பரிச்சையில பாஸ் பண்ணி, ஒரு வேலைய கையில வெச்சிக்கிட்டு, அப்பறம் சிங்கப்பூர்ல இருந்து வர்ற மாதிரி வீட்டுக்கு வரலாம்னு கணக்கு. அதுவரைக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஆன்லைன்ல சின்னச் சின்ன வேலை செஞ்சிதான் உங்களுக்கு மாசா மாசம் அனுப்பறாரு. ரூம்ல ஒரே ஜன்னலு. ஜன்னல் முழுக்க மலைதான். பழகிப் பாக்க வாங்கின பழைய நெட்வொர்க் மிஷினு ரெண்டு எந்நேரமும் ஓடிட்டே இருக்கும். உங்க கூடப் பேசறப்ப மட்டும் அதையெல்லாம் நிறுத்திட்டு, செவுத்துப் பக்கமா முதுகக் காட்டி உக்காந்துப்பாராம்.

— வெள்ளைச் செவுரு. தலைக்கு மேல ஒரு ஆணி இருக்கும். அதுல எதையாவது மாட்டக் கூடாதான்னு கேட்டிருக்கேன்.

— அவரு மனசு எப்படி இருந்துச்சுன்னு ஒருநாள் சொன்னாருக்கா. கெட்ட பொய் சொல்றோம்ன்ற நெனப்பே போயிடுச்சாம். காலையில எழுந்தா கை தானா ரெண்டரை மணி நேரத்தக் கூட்டிக்குமாம். சிங்கப்பூர்ல ஒருத்தரு நெசமாவே வேலைக்குப் போறாரு, அவருக்கு பதிலா நாம இங்க படுத்திருக்கோம்னு தோணுமாம்.

— பரிச்சை என்னாச்சு?

— ரெண்டு பேரும் ஒரே நாள்ல எடம் வாங்கினோம். நானும் அண்ணனும் ஒரு சீட்டுல, அவரு முன் சீட்டுல, பெங்களூர் போனோம். வழியெல்லாம் அவரு எனக்குத்தான் தைரியம் சொல்லிட்டு வந்தாரு. நான் பாஸாயிட்டேன்க்கா. எல்லாமே அவரு குடுத்தது. எந்தக் கேள்விய தொட்டாலும் காதுக்குள்ள அவரு குரல்தான்.

— அவரு?

— எனக்குச் சொல்லிக் குடுத்தவருக்கு எது தெரியாது சொல்லுங்க. மத்தியானம் வரைக்கும் எல்லாத்தையும் நல்லாத்தான் செஞ்சாராம். அப்பறம் எவ்வளவு நேரம் பாக்கி இருக்குன்னு திரையில கடிகாரத்தப் பாத்திருக்காரு. அது எந்த ஊரு நேரம்னு அவருக்குப் புரியல. கூட்டணுமா, கழிக்கணுமா, இல்ல இதுதான் நேரமான்னு. நம்ம ஊரு நேரம்தான், அதுல யோசிக்க ஒண்ணுமில்ல. ஆனா யோசிச்சாராம். யோசிச்சிக்கிட்டே இருந்துட்டாரு. அவங்க வந்து எழுப்பறப்பதான் நேரம் முடிஞ்சிடுச்சுன்னே தெரிஞ்சிதாம்.

— அதுக்கப்பறம்?

— திரும்பி வர்ற பஸ்ஸுல என்னை வாழ்த்திட்டு, கண்ண மூடிக்கிட்டாரு. தூங்கலன்னு எனக்குத் தெரியும். அன்னையில இருந்து படிக்க வர்றதில்ல. நேத்து போய்ப் பாத்தேன். மிஷினெல்லாம் நிறுத்திக் கெடக்கு. வீட்டுக்குப் போங்கண்ணான்னு கெஞ்சினேன். மறுபடி எழுதி பாஸ் பண்ணிட்டுத்தான் போவேன்னாரு. ஆனா புத்தகத்தத் தொடல. எனக்கு மெட்ராஸ்ல வேலை கெடைச்சிருக்குக்கா, திங்கக்கெழம கெளம்பறேன். நான் போயிட்டா அந்த ரூம் கதவ தட்ட ஒருத்தரும் இல்ல. சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்கு குடுத்திருக்கேன். அத மீறித்தான் வந்தேன். நீங்க என்ன திட்டினாலும் பரவால்ல.

— உன்னை எதுக்குத் திட்டணும். நல்ல காரியம் செஞ்ச.

— கோவம் வரலையாக்கா? அழக்கூட இல்லையே நீங்க.

— மழை விட்டுடுச்சா பாரு.

— விட்டுடுச்சுக்கா. மலை மேல மட்டும் மேகம் நிக்குது. கெளம்பலாம்னா நானே கூட்டிட்டுப் போறேன். சந்துக்குள்ள சந்து, எடம் கண்டுபுடிக்கறது கஷ்டம்.

— மாடிப்படிக்குக் கீழ ஒரு தண்ணி டிரம்மு. பக்கத்துல நீலக் கதவு. எனக்கு வழி தெரியும்மா.

— எப்படிக்கா?

— தை மாசம் பௌர்ணமிக்கு ஆபீஸ்ல எல்லாரும் மலை சுத்தப் போனோம். நெலா அப்பதான் எழும்புது. எனக்கு முன்னால கூட்டத்துல ஒருத்தரு தலையில துண்டப் போட்டுக்கிட்டுப் போறாரு. முகம் தெரியல. ஆனா இடது கால வெக்கறப்ப தோள் லேசா சாயும். அந்த நடைய எனக்குத் தெரியாதா. கூட வந்தவங்கள விட்டுட்டு அவரு பின்னாலயே போனேன். சுத்தி முடிக்கற வரைக்கும் போனேன். ஒரு எடத்துல நின்னு தண்ணி வாங்கிக் குடிச்சாரு. நானும் நின்னேன். வேங்கிக்கால் ரோடு பிரியற எடத்துல ரொம்ப நேரம் நின்னாரு. இங்க திரும்பிடுவாருன்னு நெனச்சேன். திரும்பல. ரூம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்தேன்.

— கூப்பிடலையாக்கா?

— நாக்கு வரைக்கும் வந்துச்சு. கூப்பிட்டா திரும்பிப் பாப்பாரு. நான் பாத்துட்டேன்றத அவரால தாங்க முடியாது. மறுநாள் வீடியோல வந்து அங்க ஒரே மழைன்னாரு. கொடை எடுத்துட்டுப் போங்கன்னேன். அப்பறமா அந்த வீட்டுக்காரம்மாவ போய்ப் பாத்தேன். ஏதோ பரிச்சைக்குப் படிக்கறாரு, யாரோடயும் பேச மாட்டாரு, நல்ல மனுஷன்னு சொன்னாங்க. சரின்னு விட்டுட்டேன். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் போவேன். கொஞ்சம் தள்ளி, அவரு வேகத்துக்கு நடப்பேன். எங்களுக்குக் கல்யாணமாகி அவ்வளவு தூரம் ஒண்ணா நடந்ததே இல்ல.

— அப்ப நான் வந்து சொன்னது எல்லாமே உங்களுக்குத் தெரிஞ்சதுதானா?

— ஒண்ணத் தவிர. அவரு ஃபெயிலானது தெரியாது. ஜெயிச்சிட்டா அவராவே வந்துடுவாருன்னுதான் இத்தன நாளா பின்னாலயே நடந்தேன். நான் கதவப் பூட்டிட்டு வரேன், நீ போய் ஆட்டோவ நிறுத்து.