சித்தப்பாவின் எச்சில்

— மறுபடியும் டீ குடிச்சீங்களா சார்?

— பழக்கதோஷம்மா. கிளாஸைப் பார்த்தா கை தானா போயிடுது.

— போன வாரம் மிட்டாய், இன்னிக்கு டீயா? டி.என்.ஏ. டெஸ்டுக்கு கன்னத்துக்கு உள்ள பஞ்சு வெச்சுத் தேய்ச்சு எடுக்கணும், அதுக்கு முன்னாடி எதையும் வாயில போடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! வாயைக் கொப்பளிச்சுட்டு பெஞ்சுல உட்காருங்க, நானே கூப்பிடறேன். ஏம்மா, உங்கப்பாவை நீ கொஞ்சம் பார்த்துக்கக் கூடாதா?

— இவர் எங்கப்பா இல்ல மேடம். அப்பான்னு எங்கம்மா சொன்னவரோட தம்பி. அவரை எரிச்சாச்சு. சோதிச்சுப் பார்க்க இவர் ஒருத்தர்தான் மிச்சம்.

— சரி சரி, உட்காருங்க.

— அவங்க உள்ள போயிட்டாங்க. இப்ப சொல்லுங்க சார், வேணும்னேதானே குடிச்சீங்க?

— சார் என்ன சார்! வாய் நிறைய சித்தப்பான்னு கூப்பிடேன்.

— ரிசல்ட் வரட்டும், கூப்பிடறேன். என்னைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க. நான் சொத்து கித்து கேட்டு வரல.

— அட, பிடிக்காமலா பஸ் மாறி மாறி வர்றேன்? நீ வாசல்ல நின்னு தும்மினப்பவே எனக்கு விளங்கிப்போச்சு. எங்கண்ணன் வெல்டிங் பட்டறையில தும்மினா தெருவே திரும்பிப் பார்க்கும். அச்சு அசல் அதே தும்மல்!

— தும்மலை யார் சார் நம்புவாங்க? அம்மா கடைசி வரைக்கும் அவர் பேரைத்தான் சொன்னாங்க. அவங்க கூடப்பிறந்த மாமாவே நம்பல. யார் புள்ளையையோ யார் தலையிலயோ கட்டறான்னு பேசினாரு. அம்மா பொய் சொல்லலைன்னு மாமா மூஞ்சிக்கு நேரா காட்டணும். அது போதும் எனக்கு.

— ஒருவேளை... ஒத்துப்போகலைன்னா?

— அம்மா பொய் சொல்லிட்டாங்கன்னு அர்த்தம். வேற என்ன?

— ஐயையோ, அப்படி நினைச்சுடாதேம்மா!

— பின்ன எப்படி நினைக்கறதாம்?

— சார், வாங்க. வாயை நல்லா திறங்க பார்க்கலாம்.

— பஞ்சு வேண்டாம் மேடம். எடுத்தாலும் ஒத்துப்போகாது.

— என்ன சார் சொல்றீங்க? அப்ப எங்கம்மா...

— உங்கம்மா சொன்னது சத்தியம். எங்கண்ணனே எங்கிட்ட ஒத்துக்கிட்டாரு. இதைச் சொன்னா நீ என்னை சித்தப்பான்னு கூப்பிடாமலே போயிடுவியோன்னு பயந்துதான் டீயைக் குடிச்சேன்.

— எதைச் சொன்னா?

— எங்கண்ணன் ரத்தம் உன்கிட்ட இருக்கும்மா, என்கிட்டதான் இல்ல. பஸ் ஸ்டாண்டுல அழுதுட்டு நின்ன என்னைத் தூக்கிட்டு வந்து, ‘இனிமே இவன் என் தம்பி’ன்னு வீட்ல சொன்னதே அவருதான்.