மெசினே சொல்லட்டும்

—திரும்பவும் சொல்லுறன் புவனேசன் அண்ணை, கமலநாதன் அங்கிளின்ர விண்ணப்பத்தில ஒரு பிழையும் இல்லை. மெசின் மூண்டு தரம் சரி எண்டிட்டுது. நீங்கள்தான் மூண்டு தரமும் நிப்பாட்டி வைச்சனீங்கள்.

—மெல்லக் கதையும் குமுதா. ட்ரெயினுக்குள்ள தமிழ் ஆக்கள் ஆரும் இருப்பினம்.

—வெம்பிளி பார்க்கில ஏறேக்கயே பாத்தனான், ஒருத்தரும் இல்லை. சொல்லுங்கோ, ஏன் நிப்பாட்டினனீங்கள்?

—நிப்பாட்டேல்லை. பொறுக்கச் சொன்னனான்.

—நாலு மாசமாப் பொறுக்கிறார். ஆமி விடப்போற காணியளின்ர பட்டியல் நாளைக்குக் காலமை லோயரிட்டப் போகுது. எங்கட சங்கத்து நெற்வேர்க்கில பதிஞ்ச ஆக்களின்ர காணி மட்டும்தான் அந்தப் பட்டியலில வரும். அந்த மனிசனுக்கு இருக்கிறது நாலு பரப்புக் காணியும் ஒரு வீடும். இண்டைக்கு உள்ளுக்கு எடுக்காட்டி அது போச்சு.

—அது எனக்குத் தெரியாதே? ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர் நானெல்லோ.

—அப்ப பின்னேரம் பிளேஸ்டோ கூட்டத்தில அவர் முன் கதிரையில வந்து இருக்கேக்க என்ன சொல்லப் போறியள்?

—அதுக்குத்தானே பிள்ளை உம்மைக் கூட்டிக்கொண்டு போறன். சும்மா சொல்லக்கூடாது, உம்மளவு மூளை எங்கட சங்கத்தில ஒருத்தருக்கும் இல்லை. நீர் கட்டின இந்தப் புளொக்செயின் பதிவேட்டில ஒரு சின்ன மாத்தம் செய்து தாரும். நான் வாய் திறக்கத் தேவையில்லை. மெசினே சொல்லட்டும், உங்களைச் சேர்க்கேலாது எண்டு.

—மெசின் தன்ரபாட்டில ஒண்டும் சொல்லாது அண்ணை. நாங்கள் ஒரு விதி எழுதிக் குடுக்க வேணும். அந்த விதிக்குப் பொருந்தின ஆள் உள்ளுக்கு, பொருந்தாத ஆள் வெளியால. இப்ப கிடக்கிற விதி நீங்களும் சேர்ந்து எழுதினதுதான். ஒண்டில் காணி உறுதி, இல்லாட்டி ஊர் விலாசம் உள்ள பழைய அடையாள அட்டை. அதோட உள்ளுக்கு இருக்கிற ரெண்டு பேரின்ர பிணை. கமலநாதன் அங்கிளிட்ட எல்லாம் கிடக்கு. உறுதியும் கிடக்கு, அட்டையும் கிடக்கு.

—அது சரி. ஆனா எங்கட ஆக்களுக்கெண்டுதானே இதைத் தொடங்கினனாங்கள்.

—எங்கட ஆக்கள் எண்டா ஆர்?

—உமக்குத் தெரியும்தானே.

—எனக்குத் தெரிஞ்சு காணாது, மெசினுக்கு விளங்கவேணும். அதுக்குச் சாடை மாடையாச் சொன்னா விளங்காது. நான் வேலை செய்யிற வங்கியிலயும் இதே வேலைதான். அங்க ஒரு ஆளை உள்ளுக்கு விடுற விதி எழுத நாலு லோயர்மார் மேசையைச் சுத்தி இருந்து ஒவ்வொரு சொல்லா உடைப்பினம். நீங்கள் ஒரு சொல்லும் தராமல் விதியை எழுது எண்டுறியள்.

—ஊரில கேட்டா ஒரு நிமிசத்தில சொல்லிப்போடுவினம், ஆர் ஆரெண்டு.

—ஊரில ஆரைக் கேக்கிறது? முப்பத்தஞ்சு வருசமா அங்க இருந்தது ஆமிக்காரன்.

—சரி, சரி, எரிஞ்சு விழாதையும். கோயிலைப் போடும்.

—கோயிலை என்னெண்டு போடுறது?

—அம்மன் கோயில் திருவிழாவில உபயம் இருந்த குடும்பங்கள். அவைக்கு மட்டும்தான் எண்டு எழுதும்.

—பொறுங்கோ. லப்டொப்பில சோதனைப் பிரதி ஒண்டு வைச்சிருக்கிறன், அதில போட்டுப் பாக்கிறன். ம். இப்ப இருக்கிற அறுபத்தி நாலு பேரில இருபத்தேழு பேர் வெளியால போகினம். முதல் ஆள் டொலறஸ் அக்கா.

—டொலறஸ் ஏன் போறா?

—அவ வேதக்காரி எல்லே. மாதா கோயிலுக்குப் போறவவுக்கு அம்மன் கோயிலில என்ன உபயம்?

—டொலறஸின்ர தாய் எங்கட ஆள் பிள்ளை. அவவுக்குப் பறவாயில்லை.

—தாய் ஆரெண்டு மெசினுக்கு எப்பிடி அண்ணை தெரியும்?

—சரி, அதை விடும். பேரைப் பாரும். குடும்பப் பேரை வைச்சு ஏதும் செய்யேலாதோ? வெள்ளைக்காரர் அப்பிடித்தானே செய்யினம்.

—எங்களுக்கு ஏது குடும்பப் பேர்? அப்பான்ர பேரைத்தானே கடைசியில போடுறம். உங்கட கடைசிப் பேர் தர்மலிங்கம். உங்கட மகன் லக்‌ஷன்ர கடைசிப் பேர் புவனேசன். மெசினைக் கேட்டா நீங்கள் ரெண்டு பேரும் ஒரு குடும்பமே இல்லை எண்டு சொல்லும். கடைசிப் பேர் தர்மலிங்கம் எண்டு சங்கத்தில இன்னும் ஆறு பேர் இருக்கினம். அவை எல்லாரும் உங்கட கூடப்பிறந்தவை எண்டு சொல்லும்.

—பகிடி விடாதையும்.

—எனக்குப் பகிடி விடுற நிலைமை இல்லை அண்ணை, விசர்தான் வருது. பதினாறு ஞாயிற்றுக்கிழமை இருந்து இதைக் கட்டினனான். ஒராள் தன்ர விருப்பத்துக்கு ஆக்களைச் சேர்க்கவும் கூடாது, தள்ளவும் கூடாது எண்டுதான் கட்டினனான். இப்ப தள்ளுறதுக்கே என்னட்டக் கேக்கிறியள்.

—நான் எனக்காகவே கேக்கிறன்?

—அந்த மனிசன் கிழமைக்கொருக்கா எனக்குப் போன் எடுக்கிறார். ஆஸ்பத்திரியில டயலிசிஸ் கட்டிலில கிடந்துகொண்டு எடுக்கிறார். பிள்ளை, என்ர பேப்பரில என்ன குறை, வேற ஏதும் தரவேணுமோ எண்டு கேக்கிறார். குறை ஒண்டும் இல்லை அங்கிள் எண்டு சொல்ல எனக்கு வெக்கமாக் கிடக்கு.

—எனக்கு மட்டும் சந்தோசமே? கொமிற்றியில நாங்கள் எட்டுப் பேர். அதில அஞ்சு பேர், அந்தாள் உள்ளுக்கு வந்தா தாங்கள் விலகிப்போடுவம் எண்டுகினம். நடுவில கிடந்து அரைபடுறது நான்.

—அந்த அஞ்சு பேரும் என்ன காரணம் சொன்னவை?

—காரணம் ஆர் சொன்னது? முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருந்தவை.

—ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

—திறக்கத் தேவையில்லை பிள்ளை. விளங்குதுதானே.

—நான் விளங்காத மாதிரி இருக்கப்போறன். லண்டன் பிரிட்ஜ் வந்திட்டுது, இன்னும் ஆறு ஸ்டேசன். ஒண்டில் வாயைத் திறந்து சொல்லுங்கோ, இல்லாட்டி அவரைச் சேருங்கோ.

—என்ன பிள்ளை இது, பொலிஸ் விசாரணை மாதிரி.

—சொல்லுங்கோ.

—ஒழுங்கையைப் போடும்.

—எந்த ஒழுங்கை?

—பனையடி ஒழுங்கை. அந்த ஒழுங்கை ஆக்கள் வேண்டாம்.

—திரும்பச் சொல்லுங்கோ. முழுசா.

—ஏன் திரும்ப?

—நீங்கள் சொன்ன மாதிரியே எழுதப்போறன். என்ர சொல் ஒண்டும் அதுக்குள்ள வரக்கூடாது.

—அடையாள அட்டையில பனையடி ஒழுங்கை எண்டு விலாசம் கிடந்தா அந்த ஆளைச் சேர்க்கக்கூடாது. காணுமோ?

—உறுதி இருந்தாலும்?

—இருந்தாலும்.

—ரெண்டு பேர் பிணை நிண்டாலும்?

—நிண்டாலும். ஏன் பிள்ளை சும்மா தோண்டுறீர்?

—இன்னும் ஒண்டு கேக்கவேணும். புதுசா வாறவைக்கு மட்டுமோ, இல்லாட்டி ஏற்கனவே உள்ளுக்கு இருக்கிறவைக்கும் சேர்த்தோ?

—எல்லாருக்கும் ஒரே விதி எண்டு போடும். கமலநாதனுக்கெண்டு தனியச் செய்தவை எண்டு பிறகு ஒருத்தரும் கதைக்கக்கூடாது.

—எழுதியாச்சு. அண்ணை, இது கூடாத வேலை. நான் சொல்லேல்லை எண்டு பிறகு சொல்லாதேங்கோ.

—எனக்கு மட்டும் நல்லதாத் தெரியுதே? கொமிற்றி உடைஞ்சுதெண்டா நாளைக்குப் பட்டியலும் இல்லை, ஒருத்தருக்கும் காணியும் இல்லை. அறுபத்தி நாலு குடும்பத்தைப் பாக்கிறதோ, ஒராளைப் பாக்கிறதோ?

—நீங்கள் ஒரு கூட்டத்தில எழும்பி, கமலநாதனைச் சேர்க்கிறன், விலகிறவை விலகுங்கோ எண்டு சொல்லிப் பாத்தனீங்களோ?

—சொல்லுறது லேசு.

—ஒருக்காலும் சொல்லிப் பாக்கேல்லை.

—கதையை விடும். கானிங் டவுண் வருது, போனுக்குச் சிக்னல் வந்திட்டுது. அனுப்பும், கையெழுத்தை வைக்கிறன்.

—ரெண்டு நிமிசம் பொறுங்கோ. மற்றதுகள் மாதிரி இதையும் சோதிச்சுப் பாத்திட்டு அனுப்பிறன்.

—வேண்டாம். வெம்பிளியில இருந்து சோதிச்சுக்கொண்டுதான் வாறீர். இதில சோதிக்க என்ன கிடக்கு? ஒரு ஒழுங்கை, ஒராள்.

—அண்ணை, தலைவரின்ர கையெழுத்து விழுந்த உடன விதி வேலை செய்யத் தொடங்கிடும். பாரிஸ், டொரண்டோ எண்டு எல்லாற்ற பிரதியிலயும் ஏறிடும். பிறகு நானே நினைச்சாலும் அழிக்கேலாது.

—அதுதான் நல்லது. அனுப்பும் எண்டுறன்.

—அனுப்பிட்டன்.

—வந்திட்டுது. பெருவிரலை வைச்சிட்டன். அப்பாடா, நாலு மாசத் தலையிடி.

—எழும்புங்கோ, வெஸ்ட் ஹாம். இங்க மாறவேணும்.

—கூட்டத்தில கமலநாதனுக்கு நீரே சொல்லிவிடும், மெசின் ஏற்கேல்லை எண்டு. இங்கிலிசில சொன்னீரெண்டா இன்னும் நல்லம்.

—நான் சொல்லமாட்டன். உங்கட சொல், நீங்களே சொல்லுங்கோ.

—பொறும் பிள்ளை, நில்லும். என்ர போனில நெற்வேர்க் திறக்குதில்லை.

—இங்க சிக்னல் வடிவா வருமே.

—சிக்னல் கிடக்கு. நீங்கள் உறுப்பினர் இல்லை எண்டு சிவப்பு எழுத்தில வருது. என்ன செய்து வைச்சிருக்கிறீர்? கமலநாதனை விடாதையும் எண்டா என்னைத் தூக்கி எறிஞ்சிருக்கிறீர்.

—நான் ஒண்டும் செய்யேல்லை. தள்ளி நில்லுங்கோ, இந்த வாங்கில லப்டொப்பை வைச்சுப் பாக்கிறன்.

—கூட்டத்துக்கு அரை மணித்தியாலம் கிடக்கு. கெதியாத் திருத்தும்.

—திருத்த ஒண்டும் இல்லை அண்ணை. விதி சரியாத்தான் வேலை செய்யுது. ஒரு விண்ணப்பம் தள்ளுபடி, ஒரு உறுப்பினர் நீக்கம். ரெண்டு பேரும் ஒரே விதியில.

—எனக்கும் அந்த விதிக்கும் என்ன பிள்ளை? நாங்கள் கோயில் வீதி. ஊருக்கே தெரியும்.

—நீங்கள் சேரேக்க உறுதி தரேல்லை, அது அம்மான்ர பேரில எண்டு சொல்லி அடையாள அட்டையைத்தான் தந்தனீங்கள். எண்பத்தெட்டில எடுத்தது. பின்பக்கத்தைப் பாருங்கோ, இந்தா. இலக்கம் பதினொண்டு, பனையடி ஒழுங்கை.

—காட்டும் பாப்பம்.

—உங்கட படம்தானே?

—எண்பத்தேழில எங்கட வீட்டுக்கு ஷெல் விழுந்தது. கூரையும் இல்லை, கிணறும் இல்லை. சொந்தக்காரர் ஒருத்தரும் இடம் தரேல்லை. அட்டை எடுக்கிற வயசு எனக்கு அங்க இருக்கேக்கதான் வந்தது.

—எங்க இருக்கேக்க?

—பிளேஸ்டோ ட்ரெயின் வருது, ஏறும்.

—நான் ஏறேல்லை. பதினொண்டாம் இலக்கம் ஆற்ற வீடு அண்ணை?

—கமலநாதன்ர. ரெண்டு வருசம் எங்களுக்கும் அவையின்ர அடுப்பிலதான் சோறு வெந்தது.