யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள்?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவர் என்பது பேச்சில் தெரிந்தது. அவர் மடியில் ஐந்து வயது மகள் அவர் முகத்தைப் பார்த்து விடாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவ உங்களப் பாத்துச் சிரிக்கலங்க" என்றார் மனைவி.

அதைக் கேட்டுத்தான் நான் காது கொடுத்தேன்.

"பொறவு யாரப் பாத்துச் சிரிக்கா?"

"அந்த நோய்தான் அப்படிச் சிரிக்க வைக்குதாம். போன மாசம் ரத்த டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சுல்லா? ஜீன்ல ஏதோ குறையாம், ரொம்ப அபூர்வமாம். பேச்சு வராது, நடை தள்ளாடும், சிரிப்பும் அதுல ஒண்ணுன்னு டாக்டர் சொன்னாக."

"அப்பம் வீடியோ கால்ல என்னையப் பாத்துச் சிரிச்சதெல்லாம்?"

"தெரியல. ஊசி போட்டப்பவும் சிரிச்சா. காய்ச்சல்லயும் சிரிச்சா. எனக்கு ஒண்ணுமே பிடிபடல."

பஸ் ஒரு மில் ஸ்டாப்பைத் தாண்டியது. மகள் அவர் மூக்கைப் பிடித்து இழுத்துவிட்டுச் சிரித்தாள்.

"சந்தோஷத்துல ஒருநா கூடவா சிரிச்சிருக்க மாட்டா?"

"அதான் எனக்கும் விளங்கல. ஆனா லீவு முடிஞ்சு நீங்க போனா ரெண்டு நாளைக்கு அவளுக்குச் சோறு எறங்காது. வாசலையே பாத்துக்கிட்டு இருப்பா."

"அப்பமும் சிரிப்பாளா?"

"சிரிச்சுக்கிட்டேதான் வாசலப் பாப்பா."

"இத டாக்டர்ட்ட சொன்னியா?"

"சொன்னேன். அவிய கேட்டு எழுதிக்கிட்டாக."